மூன்றாம் வாசிப்பு

ஹார்லன் ஃபோர்க்கில் இரவு ஒன்பதுக்குச் சங்கு ஊதும்.
பதினாறு வயதாகாத யாரும்
அதற்குப் பிறகு தெருவில் நிற்கக் கூடாது.
ஊர் விதி எண் 31.
படித்தவர் கிடையாது. தெரியாதவரும் கிடையாது.

மினசோட்டாவின் மேற்கு ஓரம்.
பிப்ரவரி முழுக்க
குமாஸ்தா லவோன் ட்வெய்ட் நிலவறையில் இருந்தாள்,
பழைய பேரேடுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டு,
காலடியில் ஹீட்டர், விரலில் வெட்டிய கையுறை.

பன்றிகள் பிரதான வீதியில் திரியலாகாது.
குதிரையைத் தந்திக் கம்பத்தில் கட்டலாகாது.
தபால் நிலையப் படியில் எச்சில் துப்பலாகாது.
ஒவ்வொன்றின் கீழும் மூன்று வாசிப்புக்கு மூன்று தேதி,
மேயரின் கையெழுத்து,
வாரப் பத்திரிகையில் வெளியான துண்டு,
மாவுப் பசையால் ஒட்டியது.
எலி
பசையைத் தின்று
சட்டத்தை விட்டுவைத்திருந்தது.

எண் 31-இன் கீழே தேதிகள் இரண்டு.
மூன்றாம் கோடு காலி.
துண்டு இல்லை. பசையின் கறைகூட இல்லை.

கூட்டக் குறிப்பைத் தேடி எடுத்தாள்.
1923, நவம்பர் மூன்றாம் செவ்வாய்:
"பனிப்புயல். வருகை: குமாஸ்தா மட்டும்.
ஏழரைக்கு விளக்கை அணைத்தேன்."
அடுத்த கூட்டத்தில்
சங்கு வாங்கிய பில், நூற்று நாற்பது டாலர்,
ஏகமனதாக.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.
இந்த ஊர்
ஏட்டிலேயே காய்க்காத சுரைக்காயை
நூறு வருஷமாகச் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறது.

மார்ச் கூட்டத்தில் சொன்னாள்.
கொஞ்ச நேரம் காபி இயந்திரம் மட்டும் பேசியது.
பிறகு டேல் வோபரில், தானியக் கிடங்குக்காரர்:
"அறுபத்தெட்டில் என்னைப் பிடித்து
வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.
அப்பா பெல்ட்டைக் கழற்றினார்.
அதை இப்போது யாரிடம் திருப்பிக் கேட்பது?"
சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

சரி, இப்போதாவது முறைப்படி செய்வோம் என்றார் மேயர்.
முதல் வாசிப்பு.
அறிவிப்பு பத்திரிகையில், ஆறாம் பக்கம்,
பழைய டிராக்டர் ஏலத்துக்கும்
லூத்தரன் சபையின் மீன் விருந்துக்கும் நடுவே,
எறும்பு எழுத்தில்.

இரண்டாம் வாசிப்பு. பொதுமக்கள் கருத்து.
நாற்பது மடக்கு நாற்காலி. வந்தது ஒருத்தி.
ஹோடன் வர்ஸமே, வயது பதினைந்து,
வான்கோழி ஆலையில் அம்மாவுக்கு இரவு ஷிஃப்ட்.
மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

"ஜனவரியில் என்னை மூன்று தடவை நிறுத்தினார்கள்.
நூலகத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன்.
என் வகுப்பில் வேறு யாரையும் நிறுத்தவில்லை, கேட்டுவிட்டேன்.
அது சட்டமே இல்லையென்றால்
அது என்ன?"

மூன்று நிமிடம் அனுமதி உண்டு.
இருபது விநாடியில் முடித்துவிட்டு உட்கார்ந்தாள்.
லவோன் குறிப்பேட்டில் எழுதினாள்:
"ஒருவர் பேசினார். கேள்வி ஒன்று. பதில் இல்லை."
கடைசி இரண்டு சொல் தேவையில்லை.
அடிக்கவில்லை.

மூன்றாம் வாசிப்பு.
இந்த முறை பனி இல்லை, சேறுதான்.
ஆதரவு இரண்டு.
எதிர்ப்பு இரண்டு, அதில் ஒன்று டேல் வோபரிலுடையது,
மேஜையைப் பார்த்துக்கொண்டே.
ஐந்தாமவர் வரவில்லை, பசு ஈனுகிறதாம்.
மேயருக்கு ஓட்டு கிடையாது.
சமம் என்றால் தோல்வி.

நிறைவேறிய சட்டத்தைத்தான் பத்திரிகையில் போடவேண்டும்.
தோற்றதைப் போடச் சொல்லி எங்கும் இல்லை.
ஆகவே ஊருக்குத் தெரியாது.
சங்கை நிறுத்தவும் ஒரு தீர்மானம் வேண்டும்.
யாரும் முன்மொழியவில்லை.

ஒன்பது மணி.
லவோன் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.
தீயணைப்புக் கொட்டகைக் கூரையில் சங்கு எழுந்தது,
எங்கோ ஒரு நாய் சேர்ந்து பாடியது,
பையன்கள் சைக்கிளைத் திருப்பினார்கள்.

நூலகப் படியில் ஹோடன் சூரியகாந்தி விதை கொறித்தபடி
புத்தகம் வைத்திருந்தாள்.
ரோந்துக் கார் மெதுவானது,
நின்றது,
கண்ணாடி பாதி இறங்கியது.

லவோன் சாவியைப் பையில் போட்டாள்.
சாலையைக் கடந்துபோய்
அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.
உள்ளங்கையை நீட்டினாள்.
நாலு விதை விழுந்தது.

சங்கு ஓய்ந்தது.
கார் இன்னும் அங்கேதான் நிற்கிறது.