நாலு நாள், ஒரு மூக்கு

ஜனவரியில் கட்டிய முன்பணம் திரும்பாது என்று
ஹோட்டல்காரன் சொன்னதால்தான் வந்தோம், மல்காஸ்.
திபிலீசியில் இரண்டு நாள், ககேத்தியில் இரண்டு.
இடையில் வந்த பிப்ரவரிக் காய்ச்சல்
போகும்போது உன் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.
காபியும் வெந்நீரும் உனக்கு ஒன்று.
"மூக்கில்லாதவனை ஒயின் நாட்டுக்கா அழைத்துப் போகிறாய்?"
உன் தம்பி சிரித்தான்.
நீயும் சிரித்தாய், அவனைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம்.

முதல் நாள் கந்தகக் குளியல் தெரு.
செங்கல் குமிழ்மாடங்கள், கீழே வெந்நீர்,
தெரு முழுக்க அழுகிய முட்டை நெடி.
ஒரு ஜெர்மன் குடும்பம் கைக்குட்டையோடு ஓடியது.
நான் வாயால் மூச்சு விட்டேன்.
நீ ஒருவன்தான் மகாராஜா மாதிரி நின்று
சுவரில் பதித்த நீல ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தாய்.
"நல்ல இடம்" என்றாய்.
எட்டு மாதத்தில் முதல் தடவையாக
உன்மேல் எனக்குப் பொறாமை.

கேபிள் காரில் கோட்டைக்கு ஏறினோம்.
கீழே ஆறு, பால் குறைவாக விழுந்த டீயின் நிறத்தில்.
மெட்ரோ எஸ்கலேட்டர் இறங்கிக்கொண்டே இருந்தது;
ஒருத்தி அதில் நின்றபடி ஒரு கடிதத்தைப் படித்து முடித்து,
மடித்து, மறுபடி பிரித்தாள்.
பாலத்துப் பழைய சாமான் சந்தையில்
பதக்கங்கள், சரவிளக்கின் கண்ணாடித் துளிகள், யாருடையதோ பல்செட்.
நீ ஒரு பித்தளைக் கதவுப்பிடி வாங்கினாய்.
எந்தக் கதவுக்கு என்று நான் கேட்கவில்லை.

கேட்காமலிருப்பது நம் வீட்டில் பழக்கமாகிவிட்டது.
உப்பு போதுமா? உன் விருப்பம்.
ஜன்னலைச் சாத்தவா? உன் விருப்பம்.
திருமணம் என்ற சொல்லிலிருந்து
மணத்தை உருவிவிட்டால் மிஞ்சுவது வெறும் திரு.
எட்டு மாதமாக நாம் திரு, திருமதி,
வங்கியிலிருந்து வரும் கடிதம் போல.
இதையும் சொல்லிவிடுகிறேன்:
என் கழுத்தடியில் முகம் வைத்து
"ஒன்றுமே இல்லை" என்று நீ விலகிய இரவு
புது சோப்பை ஜன்னல் வழியே எறிந்தது நான்தான்.

மூன்றாம் நாள் மினி பஸ்.
கணவாய் தாண்டியதும் சமவெளி,
அதற்கப்பால் காகசஸ், துவைத்துக் காயப்போட்ட மாதிரி.
அறுவடை முடிகிற வாரம்.
சாலையெல்லாம் டிராக்டர், டிராக்டரெல்லாம் குளவி.
சிசினோவின் நிலவறையில்
கழுத்துவரை மண்ணில் புதைத்த தாழிகள்.
தேன்நிற ஒயினை ஊற்றி "முகருங்கள்" என்றாள்.
உனக்காக நான் சொல்ல ஆரம்பித்தேன்:
வாதுமை. இல்லை, வாதுமை ஓடு.
மழையில் நனைந்த உன் கம்பளிக் காலுறை.
பத்தூமி வாடகை வீட்டின் அலமாரி.
"எந்த வழிகாட்டியும் இப்படிச் சொன்னதில்லையே" என்றாள் சிசினோ.
நீ தலை தூக்கினாய்.
"அலமாரி இல்லை. அதன் மேல்தட்டு.
அங்கேதான் ஆப்பிள் வைப்போம்."

பிறகு அவள் ஒரு தாழியின் மூடியைக் கொஞ்சம் நகர்த்தினாள்.
"மூக்கை விடு, காதைக் கொடு.
ரொம்பக் குனியாதே, மூச்சடைக்கும்."
நீ மண்டியிட்டாய். எதிர்ப்பக்கம் நான்.
உள்ளே இருட்டில் திராட்சை
தோலும் விதையும் காம்புமாகப் புரண்டு முணுமுணுத்தது.
சுவருக்கு அப்பால் யாரோ எண்ணெய் காயவைக்கிற சத்தம்.
"என்ன சொல்கிறது?"
"பசித்தால் உன் வயிறும் இப்படித்தான்."

நாலாம் நாள் மழை. மதில் நடை ரத்து.
இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும்
சிக்னாகி திருமணப் பதிவகத்தின் இறவாணத்தில் ஒதுங்கினோம்.
உள்ளே ஒரு ஜோடி, பேனா எழுதாமல்
மாற்றி மாற்றி உதறிக்கொண்டிருந்தது.
என் பேனாவைக் கொடுத்தேன். திரும்பி வரவில்லை.

ரயிலில்தான் கேட்டேன்,
அந்தக் கைப்பிடி எந்தக் கதவுக்கு என்று.
பையிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாய்.
"தெரியாது.
பிடித்துப் பார்த்தேன்.
பிடித்திருந்தது."