ஒன்பது புள்ளி இரண்டு

கோத்தகிரி ஆஸ்பத்திரிச் சீட்டில்
என் ரத்தம் ஒன்பது புள்ளி இரண்டு.
"மாத்திரையை நிறுத்தாதீங்க,
எள்ளும் தின்னுங்க" என்றாள் நர்ஸ் மாதி.

கொழுந்துப் பையின் ஓரத்தில்
எள்ளும் பூசணி விதையும்
கூந்தல்பனைக் கருப்பட்டியில் இடித்த
ஐந்து உருண்டை.
ஆறாம் நிரையில்
விரலோடு ஒட்டுகிறது கொழுந்து.

"வாயில என்ன, வெத்தலையா?"
மேஸ்திரி தங்கையா.
"இரும்பு."
சிரித்துவிட்டுக் கை நீட்டினார்.
அடுத்து ஜெபமாலை.
அடுத்து ஜார்க்கண்டுப் பெண்;
அவள் ஊரிலும் உண்டாம், வேறு பேரில்.
கறுத்த பல்லைக் காட்டினாள்.

எள்ளை எட்டாய்ப் பகிரச் சொல்வார்கள்.
மூன்றோடு
பையை முடிச்சுப் போட்டேன்.

மறுமாதச் சீட்டில்
ஒன்பது புள்ளி எட்டு.
மூட்டையோடு இறங்குகிறேன்.
பல்லிடுக்கில் ஒளிந்த ஒற்றை எள்ளை
நாக்கு தேடுகிறது
தராசு வரைக்கும்.