கூடப்பிறந்த சொல்

பெருந்துறைச் சாயப்பட்டறை, மூன்றாம் ஷிப்டு,
மணி இரண்டேகால்.
நானூறு கிலோ பின்னல் துணி
கருநீலத் தண்ணீரில் சுற்றிக்கொண்டிருக்கிறது.
உப்பை எப்போது விடுவதென்று சொல்ல வேண்டிய சர்வர்
வாயடைத்துக் கிடக்கிறது.

"ஆஃப் பண்ணிப் போடுங்" என்கிறார் செங்கோடன்.
பண்ணலாம்.
எழுதிக்கொண்டிருக்கும் கணக்கு பாதியில் அறும்.

ஆபத்துக்கென்று திறந்தே வைத்த ஒரு ஷெல்,
ஒன்பதாம் திரையில்.
என்ன கேட்டாலும் அதற்கு ஒரே பதில்:
இன்னொன்று பிறக்க இடமில்லை.
யாரார் இருக்கிறார்கள் என்று பட்டியல் போடும் கட்டளையும்
பிறந்து வந்தால்தானே போடும்.

பொழுதோட நான் ஏற்றிய அறிக்கை நிரல்
தன்னையே பெற்று, பெற்றதும் பெற்று,
இருந்த எண்களையெல்லாம் தின்றிருந்தது.
தப்பு என்னுடையது. செங்கோடனிடம் சொல்லவில்லை.

ஷெல்லோடு கூடப்பிறந்த சொற்கள் கொஞ்சம் உண்டு.
எக்கோ ஒன்று. கில் ஒன்று.
கொல்வதற்கென்று புதிதாய் ஓர் உயிரைப் பெற வேண்டாமென
எந்த மகராசி யோசித்து வைத்தாளோ.

எக்கோவிடம் ஒரு நட்சத்திரத்தைக் கொடுத்தேன்.
மஞ்சள் மண்டியில் மூட்டை பிரிந்ததுபோல்
எண்கள், எண்கள்.
ஒன்றைக் கொன்றால் அந்த இடத்தில் இன்னொன்று பிறக்கும்.
அதனால் முதலில்
சாகாதே, நில் என்றேன்.
பாதி வரியில் நின்றன.
நின்றது பெறாது.

நின்றதிடம் பதினைந்து சொல்லிப் பயனில்லை.
அது ஒறம்பரையிடம் கேட்பதுபோல, "கெளம்பறீங்ளா?"
காதில் விழ நடமாட்டம் வேண்டும்.
ஒன்பதுக்குக் காது வேண்டாம்.

அனாதையாய்ச் செத்து, கணக்கில் மட்டும் நின்றவற்றை
ஒன்றாம் எண் வந்து
ஒவ்வொன்றாய்ப் பேர் நீக்கியது.
அதன்மேல் என் ஒன்பதும் செல்லாது.

2217 மட்டும் சாகவில்லை.
உப்புக் கணக்கு எழுதுவது; தவறுதலாய் அதையும் சேர்த்துவிட்டேன்.
டிஸ்க்கிடம் எதையோ கொடுத்துவிட்டுப் பதிலுக்கு நிற்கிறது.
பதில் வராமல் அதைச் சாவு தொடாது.
நானும் நின்றேன்.
பாய்லர் ஒருமுறை பெருமூச்சு விட்டது.

பதில் வந்தது. கடைசி வரி தட்டில் ஏறியது.
அதற்கப்புறம்தான் செத்தது.

மூன்று பத்துக்கு உப்பு இறங்கிற்று.
ஈரத் துணித்துண்டை டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்து
"அரை ஷேடு ஏறிருச்சுங்" என்றார் செங்கோடன்,
யாரைக் கேட்பதென்று தெரியாமல்.
எக்ஸிட் அடித்தேன். அதுவும் கூடப்பிறந்ததுதான்.
மூடிய ஷெல் அடுத்த கணமே
மறுபடி திறந்துகொண்டது.