மஞ்சள் குறி

அக்டோபரின் கடைசி ஞாயிறு. ஓஹாயோவில் இன்னும் பனி விழவில்லை.
காரின் பின்புறத்தை இரண்டு ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்திவிட்டு
அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, அதன்மேல் மல்லாந்திருக்கிறேன்.
புதுக் குழாய் வந்த பெட்டி.
என் மூன்று வார ஓவர்டைம்.

நேற்றிரவே நான்கு போல்ட்டுக்கும் எண்ணெய் அடித்து ஊற வைத்தேன்.
மூன்று இணங்கி வந்தன.
நான்காவது சண்டைக்கு நின்றது.
ஸ்பேனர் பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி நீட்டி
உடம்பு மொத்தத்தையும் தொங்கவிட்டேன்.
கிறீச் என்றது.
போல்ட்டா தோள்பட்டையா, தெரியவில்லை.

ரப்பர் வளையங்களுக்குச் சோப்புத் தண்ணீர் தடவு,
வழுக்கிக்கொண்டு வரும் என்றிருந்தான் டுவெய்ன்.
அவன் சொல்வதில் பாதி எப்போதும் உண்மை.
நான்கில் இரண்டு வந்தன.
மற்றதைக் கத்தியால் அறுத்தேன்.
பழைய சைலன்சர் மார்பின்மேல் இறங்கியது,
நனைந்த நாயின் கனம்.

பதினொரு வருடமாக என் கையில் புரள்வது இதுதான்.
ஊர்க்கோடி ஆலையில், வெல்டிங் வரிசையின் கடைசியில்,
விளக்குக்குக் கீழே ஒவ்வொரு பற்றையும் திருப்பிப் பார்ப்பேன்.
ஓட்டை இல்லையென்றால் மஞ்சள் பேனாவால் ஒரு குறி.
ஒரு நாளைக்கு நானூறு.
சத்தம் வெளியே போய்விடாமல் பார்ப்பதற்குத்தான் சம்பளம்.
வீட்டிலும் கிட்டத்தட்ட அதே வேலை.
வெண்டல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கும்
கதவைச் சத்தமில்லாமல் சாத்தியவள் நான்தான்.

துணியால் துடைக்கிறேன்.
கரி. சாலை உப்பு. ஆறு குளிர்காலத்துச் சேறு.
அதற்கெல்லாம் அடியில் மஞ்சள்.
வால் இடப்பக்கம் வளைந்த குறி.
எங்கள் ஷிஃப்டில் இடதுகைக்காரி ஒருத்திதான்.

பழைய சிநேகிதியைச் சந்தையில் பார்த்ததுபோலச் சிரிப்பு வந்தது.
விரலை ஓர் அங்குலம் நகர்த்தும் வரைக்கும்.
பற்றின் ஓரத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை,
அழுத கண்ணில் மை கலைந்ததுபோல் சுற்றிலும் கறுப்பு.
ஆறு வருடம் உஸ்ஸென்று கசிந்திருக்கிறது.
எனக்கு விற்றவனுக்கும் கேட்கவில்லை,
இரண்டு வருடம் ஓட்டிய எனக்கும் கேட்கவில்லை.

அன்று வெள்ளிக்கிழமையாக இருந்திருக்கும்.
இல்லை, விளக்கு மங்கலாக இருந்திருக்கும்.
இல்லை, நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போட்டிருப்பேன்.
அப்படியும் இருந்திருக்கும்.

புதியதை மாட்ட ஒரு மணி நேரம்.
கேஸ்கெட்டை ஒருமுறை தலைகீழாக வைத்து,
வாய்க்கு வந்ததைச் சொல்லி, திருப்பி வைத்தேன்.
முனை பம்பருக்கு நடுவில் நிற்கிறதா என்று
ரோட்டுக்குப் போய், குனிந்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தேன்.
கொஞ்சம் வலப்பக்கம் சாய்வு. இருக்கட்டும்.

சாவியைத் திருப்பினேன்.
அது காதுக்கு வரவில்லை, நேராக வயிற்றுக்குப் போனது.
கராஜ் அலமாரியில் ஆணி டப்பாக்கள் கிலுகிலுத்தன.
மேப்பிள் மரத்தில் மிச்சமிருந்த இலைகளில் ஒன்றிரண்டு விழுந்தன.
அதற்கும் காருக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் பெருமைப்பட்டேன்.
எதிர்வீட்டு ஆர்டிஸ் சருகு வாருவதை நிறுத்திவிட்டு
காதருகில் கையைக் குவித்துக் கத்தினாள்:
"என்ன சொன்ன?"
நான் ஒன்றும் சொல்லவில்லை.
இன்னொரு தடவை மிதித்தேன்.

திங்கட்கிழமை, காலை ஐந்தே முக்கால்.
ஆலை வாசலுக்கு இருநூறு அடி முன்பே எஞ்சினை அணைத்து,
ஸ்டியரிங் கல்லாகக் கனக்க, நியூட்ரலில் உருண்டுபோய்
டுவெய்னின் டிரக் பக்கத்தில் நின்றேன்.
"மாட்டிட்டியா?"
"இன்னும் இல்ல."

காதை அடைத்துக்கொண்டேன். பேனாவைக் குலுக்கினேன்.
முதலில் வந்த சைலன்சரை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தேன்.
பிறகு மூன்றாவது தடவை.
எனக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது.