பதினொரு தகரம்

திருவிருந்துக்கு முந்திய கிழமை
மூப்பர்மார் வீடுவீடாய்ப் போவது எங்கள் சபை வழக்கம்.
இந்த முறை திராய்மடு என் பங்கு.
கக்கத்தில் குடை, பையில் பெயர்ப்பட்டியல்,
வாயில் ஒரே கேள்வி:
யாரோடும் மனத்தாங்கல் உண்டா?
ஒளித்து வைத்த பாவம் ஏதும்?
கேட்டுக் கேட்டு
தலையும் எழுத்தும் தேய்ந்த ரெண்டு ரூபாக் குத்தி அது.

ஐந்தாம் குறுக்கில் தங்கநேசம் வீடு.
பிளேன்டீ தந்தாள், சீனியைத் தனியே வைத்தாள்.
கேட்டதும் கொஞ்ச நேரம் மேலே பார்த்தாள்.

"அலை வந்த பிறகு
ஆரோ என்ட தகரத்தை எடுத்திட்டாங்க, மூப்பர்.
பட்டியல்ல என்ட பேருக்கு நேரே கையெழுத்து இரிந்திச்சு.
எனக்கு அப்ப பெருவிரல்தான்.
கூடாரத்துக்குள்ள மழை, புள்ளைக்கு நெஞ்சுச்சளி.
ஆரெண்டு தெரியாத ஆளை எப்பிடி மன்னிக்கிற?
அது ஒண்டுதான் இரிக்கு. எழுதுங்க."

எழுதினேன்.
அன்று கையெழுத்துப் போட்ட அதே கையால்.

இரவு கல்லடியில் மழை.
எங்கள் குசினிக்கு மேலே பதினொரு தகரம்.
பத்தொன்பது வருடம் அந்தச் சத்தத்தில் நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.
நிவாரணத்தில் மிஞ்சியது என்று ரூபவதிக்குச் சொன்னேன்.
பிறகு எனக்கும் சொல்லி,
நம்பியும் விட்டேன்.
மழை எதையும் நினைவூட்டவில்லை, மழையாய்த்தான் பெய்தது.
நான்தான் எண்ணத் தொடங்கினேன்.
பதினொன்றுவரை. திரும்பவும் ஒன்றிலிருந்து.

மனந்திரும்பினேன் என்று சொல்ல வெட்கமாயிருக்கிறது.
வீச்சுவலையில் வந்த மீன்
தானாய்க் கரையேறினேன் என்று சொல்லுமா?

வெள்ளிக்கிழமை மூப்பர் அவையில் சொன்னேன்.
விசிறி சுற்றியது.
போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேயிருந்தார்.
"இது இந்த அறைக்குள்ளேயே இருக்கட்டும்"
என்றார் நத்தானியேல், முப்பது வருடச் சிநேகிதன்.
வேண்டாம் என்றேன்.
பொறுப்பிலிருந்து நீக்கம், இரண்டு திருவிருந்துக்கு விலக்கு.
பதிவேட்டில் எழுத
என் பேனையைத்தான் இரவல் கேட்டார் செயலாளர்.

சனி காலை ஆணி கழற்றினேன்.
ரூபவதி சட்டிபானையை முன்னறைக்கு மாற்றினாள்,
ஒரு சொல் பேசாமல், ஒவ்வொன்றாய்ச் சத்தமாய் வைத்து.
லேண்ட்மாஸ்டரில் ஏற்றிய தகரங்கள்
பாலம் நெடுக அடித்துக்கொண்டே வந்தன.
ஊருக்கு வேறு அறிவித்தல் தேவைப்படவில்லை.

"அந்தக் கையெழுத்து உங்கடயா?"
"ஓம்."

அழவில்லை. ஏசவுமில்லை.
தகரத்தின் துருவை விரலால் சுரண்டிப் பார்த்தாள்.
"இப்ப எனக்குத் தட்டு வீடு. இதை என்ன செய்யிற?"
கொஞ்சம் பொறுத்து,
"ஆட்டுக்கொட்டிலுக்குப் போடுங்க. நீங்களே ஏறிப் போடுங்க."

ஏணியைப் பிடித்தவன் அவள் மகன்.
அந்த நெஞ்சுச்சளிப் புள்ளை,
இப்போது என்னைவிட உயரம்.
ஆணியை ஒவ்வொன்றாய் எடுத்துத் தந்தான்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
பதினொரு தகரத்துக்குக் கூலியாய் அதைக் கேட்க
வாய் வரவில்லை.
கூலிக்குக் கிடைப்பதல்ல என்று
இத்தனை காலம் மற்றவர்களுக்குப் படிப்பித்தவன் நான்.

ஞாயிறு, கடைசி வாங்கில் இருந்தேன்.
அப்பத் தட்டு வரிசைவரிசையாய் வந்தது.
பிடித்தேன். எடுக்கவில்லை.
பக்கத்துக் கைக்கு நீட்டியபோதுதான் பார்த்தேன்,
தங்கநேசம்.
பிந்தி வந்ததால் அங்கே இருந்தாளோ, தெரியாது.
ஒரு துண்டை எடுத்தாள்.
தட்டு அவள் மடியில் கொஞ்ச நேரம் நின்றது,
பிறகு நகர்ந்தது.

எனக்கும் சேர்த்துத்தான் பிட்கப்பட்டது அது.
எடுக்காத கைதான் அதை முதன்முதலாய் நம்பியது.

வெளியே தூறல்.
பழைய ஆணி ஓட்டைகளை நான் அடைக்கவில்லை,
ஆடுகள் நனையும்.
நாளைக்குத் தார் வாங்கிக்கொண்டு போகவேண்டும்.