வாரகுலுக்குத் தெற்கே, ஜூலை

நாற்பது நிமிட ஏற்றம் என்றது பலகை.
மழைக் கணக்கு அதில் இல்லை.
வேலிக்கதவைத் திறந்து, மூடி,
கொக்கியை மாட்டினாயா என்று இருமுறை கேட்டாள் யாழரசி.
காரில் தொடங்கிய சண்டை
சேற்றில் என் ஒற்றைச் சப்பாத்தோடு சிக்கி நின்றது.
ஈரம் குடித்துக் கனத்த ஆடுகள்
எங்களைப் பார்த்தும் மெல்லுவதை நிறுத்தவில்லை.

உச்சியில் ஒரு செப்புத் தகடு:
இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் தீவு,
தூரம் கிலோமீட்டரில்.
சுற்றிலும் வெள்ளை.
அவள் விரல் நீட்டினாள். அதோ கடல்.
ஆமாம், என்றேன்,
ஒரு கப்பல்கூட.

இறங்கி வந்து காலுறையை உருட்டினால்
கணுக்காலில் அட்டை,
கொழுத்து, நிதானமாய்.
சிப்ஸ் பொட்டலத்தின் அடியில்
மிஞ்சிய உப்பைத் தூவினாள்.

பேசி முடிக்காதது கொஞ்சம் இருக்கிறது.
ஹீட்டரைப் போட்டேன்.
கண்ணாடி தெளிய நேரமாகும்.