ஏழாம் கேள்வி

ஸ்வாய் ரியெங்கில் மழை விட்டிருந்தது.
வழக்கறிஞர் பிளாங்கா செருப்பைக் கழற்றிக்
கையில் பிடித்தபடி சேற்றில் நடந்தார்.
நான் மொழிபெயர்ப்பாளன்.
இரண்டு பக்கமும் சிந்தாமல் தூக்கி வருவது என் வேலை.

ப்ராக் நியெங் தாமரைத் தண்டு உரித்துக்கொண்டிருந்தார்.
நாங்கள் உட்கார்ந்த பிறகும் உரித்தார்.

ஆறு கேள்விகள் சுலபம்.
பிறப்பு: எருது ஆண்டு.
கணவர்: குழி.
மகள்கள் இருவர். ஒருத்தி பசி. இன்னொருத்தி தெரியாது.
மகன்: "அதை அப்புறம் சொல்கிறேன்."

ஏழாவது இப்படி இருந்தது:
எழுபத்தெட்டு டிசம்பரில் அண்டை நாட்டுப் படை
எல்லை கடந்து வந்ததை
உங்கள் நாட்டின் இறையாண்மை மீறலாகக் கருதுகிறீர்களா?
ஆம். இல்லை. சொல்ல விரும்பவில்லை.
நகக்கண் அளவில் மூன்று கட்டங்கள்.

இறையாண்மைக்குக் கெமரில் அதிபதேய் என்று பேர்.
அந்தச் சொல்லை அவர் வாயில் ஒருமுறை போட்டுப் பார்த்தார்.
"அது யாருடையது?"
நாட்டினுடையது, அம்மா.
"நாடு அப்போது எங்கே இருந்தது?"

தண்டிலிருந்து நார் நீளமாக வந்தது.

"வரப்பு மேட்டில் உட்கார வைத்திருந்தார்கள்.
பதினொரு பேர். நான் நாலாவது.
மூன்றாவது ஆள் முடிந்ததும் கிழக்கே சத்தம்.
டிராக்டர் என்றுதான் நினைத்தேன்.
டிராக்டர் வரும், டிராக்டர் வரும் என்று
அமைப்பு மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததே.

டாங்கி.
மேலே ஒரு பையன், வெயிலில் மூக்குத் தோல் உரிந்தவன்.
கயிற்றை அறுத்தான். என்னவோ சொன்னான், புரியவில்லை.
சோற்றுருண்டை ஒன்று தந்தான்.
உப்பு போட்டிருந்தது.
உப்பு என்று ஒன்று உண்டென்பதே மறந்துபோயிருந்தது எனக்கு."

அப்படியானால் 'இல்லை'தானே என்றார் பிளாங்கா.
பேனா இறங்கப் போனது.

"பொறு.
அவர்கள் போகவில்லையே. பத்து வருஷம்.
மேற்கே காடு வெட்டி எல்லைக்கு அரண் போட
ஆள் கேட்டார்கள். மகன் போனான். பதினேழு.
காய்ச்சல்.
அவன் கிண்ணம் மட்டும் வந்தது, கூடவே ஒரு தாள்.
எழுத்து நம் எழுத்துதான்."

அந்த வருஷங்களில் நியூயார்க்கில் எங்களுக்கு நாற்காலி இருந்தது.
கயிறு கட்டியவர்களின் ஆள் அதில் உட்கார்ந்திருந்தான்.
பல நாடுகள் கைதூக்கி அவனை அங்கேயே வைத்தன.
தாண்டி வந்தவன் மேல் வழக்கு;
பயிரை மேய்ந்த வேலிக்கு
வேலி என்றே பேர் நிலைத்தது.
இதை நான் மொழிபெயர்க்கவில்லை.
யாரும் கேட்கவில்லை.

நியெங் தண்டுகளைக் கட்டினார்.
"எனக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள்.
தாமதம் என்று ஒரு கட்டம் இருக்கிறதா, பார்த்துச் சொல்."

வண்டியில் பிளாங்கா வெகுநேரம் பேசவில்லை.
நியாக் லோயெங் படகுத்துறையில் வரிசை நகரக் காத்திருந்தபோது,
"அறுபத்தெட்டில் எங்கள் தெருவுக்கும் வந்தது,
உதவி என்று சொல்லிக்கொண்டு," என்றார்.
"டாங்கிக்காரனிடம் அப்பா கேட்டாராம்:
உன்னை யார் கூப்பிட்டது?
அந்தக் கேள்வியை வைத்துத்தான் நான் சட்டம் படித்தேன்."
பிறகு,
"அந்த மேட்டில் அப்பா அதைக் கேட்டிருப்பாரா?"
படகு வந்துவிட்டது.

அலுவலகத்தில் இரவு ஒன்பது.
ஏழாம் இடம் காலியாக இருந்தால்
கணினி படிவத்தை வாங்க மாட்டேன் என்கிறது.
சிவப்பில் காட்டுகிறது. மறுபடி காட்டுகிறது.
என் கட்டைவிரலில் தாமரைப் பால் காய்ந்து
கறுத்துக் கிடக்கிறது.